கழற்றிப் பார்ப்போம்: பகலில் மட்டும் சாகிற கணினி

(கணினி வன்பொருள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், 1999இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் பழுது மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர், இப்போது தாம்பரத்தில் வீட்டிலேயே மேசை போட்டிருக்கிறார்.)

கேள்வி: சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் வடிவமைத்துக் கொடுக்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். கணினி 2018இல் வாங்கியது. மூன்று மாதமாகத் தானே அணைந்து தானே எழுகிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. பகலில்தான் இந்தத் தொல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்தால் விடியும்வரை வேலை செய்கிறது. பிரிண்ட் கொடுத்தால் சில சமயம் அணையும். சில சமயம் தொடர்ந்து இருபது தாள் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. சர்வீஸ்காரர் வைரஸ் என்று நான்கு முறை ஃபார்மட் செய்தார். பிறகு ராம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜி.பி. போட்டார். அன்றிலிருந்து நீலத் திரையும் சேர்ந்துகொண்டது. இப்போது புதிய கணினி வாங்கச் சொல்கிறார். வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. வழி சொல்லுங்கள் அம்மா.
– பத்திரிகை வடிவமைப்பாளர், சிவகாசி

நான்கு முறை! ஃபார்மட் என்பது, டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. ஒழுகுகிற கூரைக்குக் கீழே நான்கு முறை வெள்ளையடித்திருக்கிறார்கள், அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸ் கெட்டுப் போகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபார்மட் செய்த மறுநாளே அதே தொல்லை வந்தால் குற்றவாளி அங்கே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவது ஃபார்மட் வீண். மூன்றாவதும் நான்காவதும் எதில் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி நோய்கள் இருப்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்தது. மூன்று மாதமாக இருப்பது ஒன்று. ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், போட்ட பிறகு வந்தது இன்னொன்று. இரண்டையும் ஒரே நோயாக நினைத்தால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்தை இன்னொன்று பொய்யாக்கிவிடும். அதனால்தான் உங்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்கிறேன்: கணினி அணையும்போதெல்லாம் நான்கு விஷயங்களை எழுதுங்கள். மணி என்ன. என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள். எப்படி அணைந்தது: பட்டென்று கறுத்ததா, நீலத் திரை காட்டியதா, படம் அப்படியே உறைந்து நின்றதா. கடைசியாக, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அந்த அறையில் என்ன நடந்தது. நான்காவதைப் பலர் எழுதுவதில்லை. விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து நீங்கள் நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினீர்கள். திங்கள் காலை 10.20: "பிரிண்ட் கொடுத்தேன், பட்டென்று கறுப்பு. அதற்கு முன் டீ குடிக்கப் போயிருந்தேன்." பகல் 12.05: "பிரிண்ட், கறுப்பு. முன்பு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன்." 3.40: "பிரிண்ட், கறுப்பு. சாப்பிட்டுவிட்டு வந்து முதல் வேலை." செவ்வாய் காலை தொடர்ந்து முப்பத்தைந்து தாள் அடித்திருக்கிறீர்கள், ஒன்றும் ஆகவில்லை. இரவு வேலையில் எங்கேயும் பிரிண்ட் என்ற சொல்லே இல்லை.

பார்த்தீர்களா? பிரிண்ட் கொடுத்தால் அணைவதில்லை. இடைவெளி விட்டு முதல் பிரிண்ட் கொடுத்தால் அணைகிறது. அதன் பிறகு நூறு தாள் அடித்தாலும் அதற்குக் கவலை இல்லை.

லேசர் பிரிண்டருக்குள் மைப்பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் சூடான உருளை ஒன்று இருக்கிறது. பிரிண்டர் தூங்கி எழுந்ததும் அந்த உருளையைச் சில நொடிகளில் ஏறத்தாழ 180, 200 டிகிரிக்குக் கொண்டு போகிறது. அந்த நொடிகளில் 800, 1,000 வாட் வரைகூட இழுக்கக்கூடும். சூடேறிய பிறகு அவ்வளவு தேவைப்படாது. "பிரிண்டரை எதில் செருகியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "யு.பி.எஸ்ஸில்தான் அம்மா, மின்சாரம் போனால் பத்திரமாக இருக்கட்டும் என்று" என்றீர்கள்.

உங்களிடம் இருப்பது 600 வி.ஏ. யு.பி.எஸ். அந்த எண்ணைப் பார்த்து 600 வாட் என்று நினைக்காதீர்கள். இந்த வகை பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். பிரிண்டர் திடீரென்று இழுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது. பகலில் விளக்குகள் மங்குவதாக நீங்களே சொன்னீர்கள், ஆகவே சரிவு இன்னும் ஆழம். யு.பி.எஸ். மின்சாரம் போய்விட்டதாக நினைத்து பேட்டரிக்கு மாறுகிறது. உள்ளே இருப்பதோ 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் நான்கு வயதானது. பிரிண்டரையும் கணினியையும் சேர்த்துத் தூக்க முடியாமல் அது கையை விரிக்கிறது. கணினி சாகிறது. அடுத்த நொடி மின்சாரம் சரியாக இருக்கிறது, கணினி எழுகிறது. யாரும் யு.பி.எஸ்ஸைச் சந்தேகிப்பதில்லை, காவல்காரனையே யார் சந்தேகிப்பார்கள்?

பிரிண்டரைப் பிடுங்கி நேரே சுவரில் செருகச் சொன்னேன். கறுப்பாக அணைவது அன்றோடு நின்றது. செலவு ஒன்றுமில்லை. லேசர் பிரிண்டர், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி இவற்றை யு.பி.எஸ். பக்கம் கொண்டுவராதீர்கள். அந்தக் கிழட்டு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதை நம்ப முடியாது.

இங்கே ஒன்று. வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸை (கணினிக்குள் மின்சாரம் பகிரும் பெட்டி) தூக்கி எறிந்துவிட்டுப் புதியது மாட்டியிருப்பார்கள், ஏனென்றால் பட்டென்று கறுப்பாவது அதன் அடையாளம்தான். நானும் அதைச் சந்தேகித்தேன். அதனால் அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். உங்கள் ஊர் எலக்ட்ரீசியன் மல்டிமீட்டரை மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே வைத்துப் பார்த்தார்: 11.9 வோல்ட், கணினி கடுமையாக வேலை செய்யும்போதும். 12 வோல்ட் வரிசையில் 5 சதவீதம் மேலே கீழே போகலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. சிவப்பு வயரில் 5.05, அங்கே 4.75 முதல் 5.25 வரை போகலாம். எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி என்று முழுத் தீர்ப்பு எழுத மீட்டர் மட்டும் போதாது, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடக்கும் சரிவை அது காட்டாது. ஆனால் ஜாமீன் கொடுக்கலாம். அந்தப் பெட்டியைத் திறக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இனி இரண்டாவது நோய், நீலத் திரை. உங்கள் நோட்டில் "நீலம், படிப்பதற்குள் போய்விட்டது" என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தீர்கள். விண்டோஸுக்கு ஒரு கெட்ட பழக்கம்: தவறு நடந்தால் வாக்குமூலத்தை வேகமாகக் காட்டிவிட்டு மறுபடி தொடங்கிவிடும். சிஸ்டம் அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ஸ்டார்ட்-அப் அண்டு ரெக்கவரி' என்ற இடத்துக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள் என்றேன். அதன் பிறகு திரை நின்றது, நீங்கள் எழுதிக்கொள்ள முடிந்தது. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்'. மறுநாள் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. அதற்கடுத்த நாள் 'ஐ.ஆர்.கியூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர். பொய் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வான் அல்லவா, ராமும் அப்படித்தான். ஒரே டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்.

சர்வீஸ்காரர் 'ஈவென்ட் வியூவர்' திறந்து "கெர்னல்-பவர் 41 என்ற பிழை இருக்கிறது, அதுதான் காரணம்" என்று காட்டியதாகச் சொன்னீர்கள். அது காரணம் அல்ல, இறப்புச் சான்றிதழ். 'போன முறை நான் முறையாக மூடப்படவில்லை' என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதிக்கொள்வது. மின்சாரம் போனாலும் அதையேதான் எழுதும்.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ராம் தேர்வில் தோல்வி; இங்கே 'பாஸ் மார்க் 35' எல்லாம் கிடையாது. உங்களுக்கு இரண்டு ராம் குச்சிகளையும் சேர்த்து ஓட்டியபோது நாற்பது நிமிடத்தில் சிவப்பு. அங்கேயே நின்றுவிடக் கூடாது. பழைய குச்சியை மட்டும் முதல் இடத்தில் போட்டு ஓட்டினீர்கள், விடியும்வரை சுத்தம். புதியதை மட்டும் அதே இடத்தில் போட்டீர்கள், சிவப்பு. புதியதையே வேறு இடத்தில் போட்டீர்கள், மறுபடி சிவப்பு. இடம் மாறினாலும் குற்றம் குச்சியோடு போகிறது என்றால், எல்லா உறுப்புகளும் உட்காரும் பெரிய பலகையான மதர்போர்டு தப்பித்தது. மூன்று இரவு பொறுமை, அவ்வளவுதான். பழைய 8 ஜி.பி. மட்டும் வைத்துக்கொண்டு கணினி இப்போது ஒழுங்காக ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 'புதிய' ராமில் ஸ்டிக்கர் கிழிந்து மறுபடி ஒட்டியதுபோல் இருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். பில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் அது சாவிக்கொத்துக்கு ஆகும்.

எல்லாவற்றையும் எட்ட நின்று கண்டுபிடித்த பெருமை எனக்கு வேண்டாம். நானும் இப்படி அலைந்திருக்கிறேன். ரிச்சி தெருவில் நான் உட்கார்ந்து ஐந்தாறு ஆண்டு ஆன காலம். ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் கணினி, நினைத்தபோது மறுதொடக்கம் ஆகும். எஸ்.எம்.பி.எஸ். மாற்றினேன். ராம் மாற்றினேன். அவர்களைக் கெஞ்சி மதர்போர்டும் மாற்ற வைத்தேன். எடுத்துப் போன அன்று மாலையே திரும்பக் கொண்டுவந்தார்கள். என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் கேபினட்டின் முன்பக்கத்து ரீசெட் பொத்தானை விரலால் தொட்டுவிட்டு, "அக்கா, இது அமுங்கியே இருக்கிறது" என்றான். ஸ்பிரிங் செத்துப்போய், பொத்தான் பாதி உள்ளே உட்கார்ந்திருந்தது. மேசை ஆடினால் தொடும், இல்லையென்றால் தொடாது. மதர்போர்டிலிருந்து அந்தச் சின்ன வயரைப் பிடுங்கி விட்டதும் எல்லாம் சரி. மதர்போர்டு விலையை என் சம்பளத்தில் கழித்தார்கள். அன்றிலிருந்து எதையும் வாங்கச் சொல்வதற்கு முன் இரண்டு முன்பக்கப் பொத்தான்களின் வயரையும் பிடுங்கிப் பார்த்துவிடுவேன்.

கேள்வி: வேலூரில் இணைய மையம் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து ஒரு கணினி மட்டும் தொடங்கி இருபது நிமிடத்தில் அணைகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி வேலை செய்கிறது. மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன.
– வேலூர்

இருபது நிமிடம் கழித்துச் சாவதும், ஆறினால் எழுவதும் சூட்டின் கையெழுத்து. வேலூர் வெயிலைத் திட்டாதீர்கள், அதே வெயிலில் ஐந்து கணினிகள் ஓடுகின்றனவே. பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்ச் செயலியின் (பிராசஸர்) வெப்பத்தைப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே 80ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் பெரும்பாலும் செயலியின்மேல் சரியாக உட்காரவில்லை.

இன்டெல்லின் பழைய ஹீட் சிங்குகளில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். யாராவது தூசி தட்டக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது மூன்று கால்கள் 'டக்' என்று உட்கார்ந்திருக்கும், நான்காவது உட்கார்ந்தது போல் நடிக்கும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு வெள்ளைக் கால்களும் சமமாக வெளியே வந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கழற்றியாக வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் காய்ந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியதை நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வையுங்கள். தோசை வார்ப்பதுபோல் பரப்பிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவை எல்லாம் என் வாடிக்கையாளர்களாக மாறின.

தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் குடும்ப வரலாற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கணினி இடையில் உறைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் மூன்று முறை 'பீப்' என்கிறது, திரை வருவதில்லை. பேரன் ராமைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது. தேதியும் ஏதோ பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது. பேரன் இப்போது பெங்களூரில்.
– நாகர்கோவில்

உங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, கடற்காற்று வேறு. ராமின் விளிம்பில் உள்ள தங்கமுலாம் பூசிய பற்களிலும், அதைவிட அவை உட்காரும் குழியிலும், கண்ணுக்குத் தெரியாத படலம் படிகிறது. அதுதான் உறைவதற்கும் பீப்புக்கும் காரணமாக இருக்க வேண்டும். பீப் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல மதர்போர்டுகளில் மூன்று பீப் ராமின் முறையீடு.

பேரன் செய்வதை நீங்களே செய்யலாம், அம்மா. கரும்பலகையில் வடிவியல் வரைந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. மின்செருகியை முழுக்கப் பிடுங்குங்கள். பவர் பொத்தானை ஐந்து நொடி அமுக்கி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தை ஒரு முறை தொடுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போகும். ராமின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை விலக்கினால் அது எழுந்து வரும். பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகள்களைக் குழிக்குள் விழ விடாமல் தள்ளி வைத்துத் தட்டுங்கள். திரும்ப மாட்டும்போது கொக்கி தானாக 'க்ளிக்' என்று மூட வேண்டும். மூடவில்லையென்றால் ராமின் விளிம்பில் உள்ள வெட்டு குழியின் மேட்டோடு பொருந்தவில்லை, திருப்பிப் போடுங்கள். பலத்தைக் காட்டாதீர்கள்.

தேதி பின்னோக்கிப் போவது தனிக் கதை. மதர்போர்டில் ஒரு பெரிய நாணயம்போல் இருக்கும் மின்கலம் தீர்ந்துவிட்டது. கடையில் சி.ஆர். 2032 என்று கேளுங்கள். அந்த எண் வேறொன்றுமில்லை: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மாற்றினால் தேதி நிற்கும். வங்கி இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டுவதும் நின்றுவிடும். உங்கள் கணினி பழைய ஆண்டில் இருப்பதால்தான் அவை மிரள்கின்றன.

மழைக்காலத்தில் வேலை இல்லாத நாள்களிலும் தினம் அரை மணி நேரம் கணினியை ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். குடும்ப வரலாற்றை ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பேரனிடம் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: 2023இல் 13ஆம் தலைமுறை ஐ9 செயலி போட்டு விளையாட்டுக்காகக் கணினி கட்டினேன். இப்போது சில விளையாட்டுகள் தொடங்கும்போதே 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று வெளியேறுகின்றன. என் கிராஃபிக்ஸ் கார்டில் 16 ஜி.பி. இருக்கிறது! கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

கார்டை விடுங்கள். என் மேசைக்கு வந்தவற்றில் செயலி உண்மையிலேயே கெட்டதை விரல்விட்டு எண்ணலாம். அதைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். ஆனால் உங்களுக்கு அதுவே முதல் சந்தேகம்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் ஒரு குறை இருந்ததை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டது. சில சமயங்களில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி, செயலி தன்னைத்தானே தேய்த்துக்கொண்டது. விளையாட்டு தொடங்கும்போது சுருக்கி வைத்த கோப்புகளைச் செயலி விரிக்கிறது. தேய்ந்த செயலி அங்கே கணக்கில் தவறுகிறது. விளையாட்டுக்கு அது புரியாமல், வீடியோ நினைவகத்தின்மேல் பழி போடுகிறது. கோப்பைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்களும், பெரிய மென்பொருளை நிறுவும் வேலையும் இடையில் பிழை காட்டினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அந்த நிறுவனம் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வெளியிட்டது. அவை மதர்போர்டு நிறுவனத்தின் பயாஸ் புதுப்பிப்பாக வரும், உடனே போடுங்கள். ஆனால் அது தடுப்பூசி, மருந்தல்ல. ஏற்கெனவே தேய்ந்த செயலி திரும்பப் பழைய நிலைக்கு வராது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். பெட்டியோடு வாங்கியிருந்தால் மொத்தம் ஐந்து ஆண்டு. பெட்டியைத் தூக்கிப் போடவில்லையே?

அதற்கு முன் ஒரு சோதனை. பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.' என்று ராமை வேகமாக ஓட்டும் அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். ராம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் அந்த அமைப்பைப் போட்டால்தான் கிடைக்கும். எல்லாக் கணினியும் அதைத் தாங்குவதில்லை. அணைத்ததும் தொல்லை தீர்ந்தால், செயலியை நான் அவதூறு செய்துவிட்டேன்.

கேள்வி: என் பழைய கணினி காலையில் ஏழெட்டு முறை பொத்தானை அமுக்கினால்தான் எழுகிறது. எழுந்துவிட்டால் மாலை வரை ஓடும், நடுவில் ஓரிரு முறை உறையும். திறந்து பார்த்தேன். செயலிக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன டப்பாக்கள், அவற்றில் நான்கு மேலே உப்பியிருக்கின்றன. ஒன்றில் பழுப்பாக ஏதோ கசிந்திருக்கிறது.
– புதுச்சேரி

என் இளமைக் காலத்தை நினைவுபடுத்திவிட்டீர்கள்! அவை கெப்பாசிட்டர்கள். உள்ளே ஒரு திரவம். அது சிதைந்தால் வாயு உண்டாகும், டப்பா உப்பும். மூடியில் குறுக்காகக் கோடு வெட்டியிருக்கிறதே, அழகுக்கு அல்ல. வெடிப்பதற்குப் பதில் அந்தக் கோட்டில் கிழியட்டும் என்றுதான். 2000களின் முற்பாதியில் தரம் கெட்ட திரவத்தோடு தயாரான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவின. ஒன்றிரண்டு வயதான மதர்போர்டுகள்கூட வரிசையாகச் செத்தன. ரிச்சி தெருவில் அந்த ஆண்டுகளில் நான் நாள் முழுக்கக் கெப்பாசிட்டர் மட்டுமே மாற்றியதுண்டு. மீன் எண்ணெய்போல் ஒரு வாடை, இரவு சாப்பிடும்போதும் விரலில் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் கையில் சால்டரிங் அயர்னோடு இருக்கும் என்னைப் பார்த்தும் "இன்ஜினியர் இல்லையா?" என்று கேட்பார்கள். இப்போதும் கேட்கிறார்கள்.

உங்கள் அறிகுறி புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. திரவம் வற்றிய கெப்பாசிட்டருக்குக் குளிரில் உள்தடை அதிகம், சூடேறினால் குறையும். காலையில் முரண்டு, மாலையில் சாது. மாற்றச் சொல்லுங்கள். அதே மைக்ரோஃபாரட்; வோல்ட் அதே அளவு அல்லது சற்று அதிகம்; 105 டிகிரி வகை; 'லோ ஈ.எஸ்.ஆர்.' (உள்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரகத்தைப் போட்டால் மறுபடி உப்பும். நான்கு உப்பியிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது, உப்பாமலும் வற்றும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. ஆகவே கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

கறை உள்ள அந்த மதர்போர்டை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டால், கூலி நியாயமாக இருந்தால் ஆம். புதிய மதர்போர்டு போட்டால் ராம் மாறும், செயலி மாறும், கடைசியில் கேபினட் மட்டும்தான் உங்களுடையதாக இருக்கும்.

கேள்வி: கணினி அடிக்கடி உறைகிறது. அப்போது உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். ஃபார்மட் செய்தால் சரியாகுமா?
– காரைக்குடி

அணையுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே அணையுங்கள்.

அது ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். ஃபார்மட் செய்தால் நோயாளியோடு ஆவணங்களும் போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, முக்கியமான கோப்புகளை முதலில் எடுங்கள். படங்கள், கணக்குகள், பிறகு மற்றவை. சினிமாவை விட்டுவிடுங்கள். அதன் பிறகு உயிர் மிச்சம் இருந்தால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 5, 197, 198 (அந்தத் திரையில் 05, C5, C6) என்ற எண்களுக்கு நேராக 'ரா வேல்யூஸ்' பத்தியில் பூஜ்ஜியம் தவிர வேறு எது இருந்தாலும், அது ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க் விடைபெறுகிறது. 199 (C7) மட்டும் ஏறினால் டிஸ்க் நலமாகவும் கேபிள் மோசமாகவும் இருக்கலாம், ஆனால் கேபிளுக்கு டிக் டிக் தெரியாது.

கேள்வி: கணினி பெட்டியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது. செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை. சில நாள் யு.எஸ்.பி.யில் எதையாவது செருகினால் கணினியே அணைந்துவிடுகிறது. சர்வீஸ்காரர் எஸ்.எம்.பி.எஸ். மாற்றினார், சுரீர் போகவில்லை.
– தஞ்சாவூர்

புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் சுரீர் இருக்கும். அதற்குள் இருக்கும் வடிகட்டி, மிகச் சிறிய கசிவு மின்சாரத்தைப் பெட்டியின் உலோகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது மூன்றாவது ஊசி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் அது போக வழி இல்லை, அதனால் உங்கள் வழியாகப் போகிறது. கணினி அணைவதற்கும் அதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெட்டியில் மின்னழுத்தம் நிற்கும்போது யு.எஸ்.பி. உலோகம் உரசினால் மதர்போர்டு குழம்பும்.

செருகியின் பெரிய ஊசி உடைந்திருக்கிறதா, இரண்டு ஊசிப் பலகையில் சொருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், எலக்ட்ரீசியனை அழைத்து அந்தப் பிளக் பாயின்ட்டில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நியூட்ரலையே எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று அவர் சொன்னால் வேறு எலக்ட்ரீசியனைப் பாருங்கள். என்றாவது நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் சரியாகும்வரை கணினியைப் போடாதீர்கள், குழந்தைகள் வெறுங்காலோடு அந்தப் பக்கம் போவார்கள்.